எண்ணத்தகாத நாற்காலிகள்

பணத்தை எண்ண முடியாது என்கிறது ஆங்கில இலக்கணம். அப்படியானால் வங்கிக் காசாளர் காலை முதல் மாலை வரை என்னதான் செய்கிறார் என்று கேட்டால் அதனிடம் நேரான விடை இல்லை. வீட்டில் கிடக்கும் நான்கு நாற்காலிகளையும் ஒரு மேசையையும் ஒரு கட்டிலையும் குழந்தைகூட எண்ணிவிடும். அவற்றைச் சேர்த்து 'ஃபர்னிச்சர்' என்று அழைத்த மாத்திரத்தில் அவை எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடுகின்றன. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதிய மாணவனின் தாளில் சிவப்பு மை விழுகிறது. காரணம் கேட்டால், "அது எண்ண முடியாத பெயர்ச்சொல்" என்று பதில் வருகிறது. தான் அமர்ந்திருக்கும் பெஞ்சையும் ஆசிரியர் சாய்ந்திருக்கும் மேசையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு மாணவன் வாயை மூடிக்கொள்கிறான். இலக்கணம் என்பது கண்ணால் காண்பதற்கு மாறாக எதையோ நம்பச் சொல்லும் சாத்திரம் என்ற எண்ணம் அவனுக்குள் அன்று விழுகிறது. பிறகு அது எளிதில் போவதில்லை.

எண்ணத்தக்கவை, எண்ணத்தகாதவை என்ற பகுப்பு பொருள்களைப் பற்றியதே அன்று. அது சொற்களைப் பற்றியது. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நேராக நிற்க ஒப்பும் சொல் ஒரு வகை, ஒப்பாத சொல் மறுவகை. அதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்த எளிய செய்தியை மறைத்து, பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் நடக்கிறது. இதைவிட வருத்தம் தருவது மற்றொன்று. இப்படிப்பட்ட சொற்கள் நம் மொழியிலேயே ஏராளமாக உள்ளன. அவற்றை ஒருமுறையேனும் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தின் போக்கை விளக்க எவரும் முனைவதில்லை.

முதலில் இந்தப் பகுப்பின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவம் பற்றிய நூலில் எண்ணத்தக்க சொற்களையும் திரள்சொற்களையும் விரிவாக ஆராய்ந்தார். வரையறுத்த வடிவமும் எல்லையும் உடைய ஒன்றின் எண்ணத்தை எழுப்பும் சொற்கள் ஒருபுறம், அத்தகைய எல்லையை உணர்த்தாத சொற்கள் மறுபுறம் என்று அவர் பிரித்தார். இந்தப் பகுப்பைச் சாதாரண மாணவனின் கையில் சேர்த்தது ஓர் அகராதி. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924 முதல் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்து வந்தவர். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இருவருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி, உலகப் போரின் நடுவே 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைத் தன் பெயரில் வெளியிட்டது. இன்று உலகெங்கும் மாணவர் கையில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுதான். பெயர்ச்சொற்களுக்கு அருகே 'சி', 'யு' என்ற எழுத்துகளைப் பொறித்து, எது எண்ணத்தக்கது, எது எண்ணத்தகாதது என்று அந்த அகராதி காட்டியது.

அது ஜப்பானில் பிறந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஜப்பானிய மொழியில் எண்ணும் பெயரும் நேராக ஒட்டுவது அரிது. நூல்களை எண்ண 'சாட்சு', தாள் போன்ற தட்டையான பொருள்களை எண்ண 'மாய்', பென்சில் போன்ற நீண்ட பொருள்களை எண்ண 'ஹொன்' என்று இடையில் ஓர் அளவுச்சொல் வந்தாக வேண்டும். அந்த மொழியின் கண்ணுக்கு ஏறக்குறைய எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தின் 'ஃபர்னிச்சர்' போன்றவைதாம். அப்படிப்பட்ட மாணவனுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல் எப்படி நடக்கும் என்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆங்கிலேயக் குழந்தைக்கு அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை. அது காதால் கற்றது. ஆக, இந்த 'சி'யும் 'யு'வும் அயலாருக்காக நட்ட வழிகாட்டிக் கற்கள். கற்களை நட்டவர்கள் அறிந்திருந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் கற்களை மட்டும் எண்ணவைக்கிறோம் நாம்.

*

பகுப்பு பொருளில் இல்லை என்பதற்குச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் கோதுமை எண்ணத்தகாதது. 'வீட்' என்று ஒருமையில்தான் சொல்ல வேண்டும். ஓட்ஸ் பன்மை. பெயரிலேயே பன்மை விகுதியைச் சுமந்துகொண்டிருக்கிறது. இரண்டும் தானியந்தானே? கோதுமை மணிக்கும் ஓட்ஸ் மணிக்கும் பருமனில் எத்தனை வேறுபாடு இருந்துவிடப்போகிறது? இத்தாலியில் 'ஸ்பகெட்டி' பன்மைச் சொல். அதே சேமியாத் தட்டு ஆங்கிலேயரின் மேசைக்கு வந்ததும் எண்ணத்தகாததாகிவிட்டது. ஆங்கிலம் 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றை எண்ண மறுக்கிறது. ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் பிரெஞ்சுக்காரர் அறிவுரைகளையும் தகவல்களையும் தாராளமாகப் பன்மையில் எழுதுகிறார். ஜெர்மானியரும் தகவலை அவ்வாறே எழுதுகிறார். கடலின் இருகரையிலும் தகவலின் இயல்பு மாறிவிடவில்லை. ஆங்கிலம் கற்கும் பிரெஞ்சுக்காரரும் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றுதான் தடுக்கி விழுகிறார் என்பது நமக்குச் சிறிய ஆறுதல்.

சரி, ஆங்கிலத்திற்குள்ளாவது இந்தப் பகுப்பு நிலைத்து நின்றிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பிரான்சிஸ் பேகன் 1605இல் கல்வியின் மேம்பாடு குறித்து எழுதியபோது 'நாலெட்ஜஸ்' என்று பன்மையில் எழுதினார். வில்லியம் பேலி 1794இல் கிறித்தவத்தின் சான்றுகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே 'எவிடென்சஸ்' இருக்கிறது. மைக்கேல் ஃபாரடேயின் மின்னியல் ஆய்வுத் தொகுதிகள் 1839 முதல் 1855 வரை மூன்றாக வந்தன. அவற்றின் தலைப்பில் 'ரிசர்ச்சஸ்' என்ற சொல் கம்பீரமாக வீற்றிருக்கிறது. இன்று நம் ஆய்வு மாணவர் ஒருவர் 'எவிடென்சஸ்' என்றோ 'ரிசர்ச்சஸ்' என்றோ எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால், ஆங்கிலம் நன்கறிந்தவரிடம் காட்டித் திருத்தி அனுப்புமாறு குறிப்பு வரக்கூடும். ஃபாரடேக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. இங்கிலாந்தின் சட்ட வழக்கிலோ குற்ற முறையீட்டைக் குறிக்கும் பொருளில் 'இன்ஃபர்மேஷன்' இன்றும் எண்ணத்தக்க சொல்லாகவே இருக்கிறது.

எதிர்த்திசைப் பயணங்களும் உண்டு. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் முன்னர் 'பீஸ்' என்று பெயர், கோதுமையைப் போல ஒரு திரள். அதன் இறுதியில் ஒலித்த சகரத்தைப் பன்மை விகுதி என்று மக்கள் கருதி, 17ஆம் நூற்றாண்டில் அதை உரித்தெடுத்து 'பீ' என்ற புதிய ஒருமையை உண்டாக்கினார்கள். தானியமாகக் கிடந்தது தனி மணியாகிவிட்டது. நம் கண்முன்னே நடந்த மாற்றம் ஒன்று வேண்டுமானால் மின்னஞ்சலைப் பாருங்கள். கடிதத் திரளைக் குறிக்கும் 'மெயில்' எண்ணத்தகாதது. அதிலிருந்து பிறந்த 'ஈமெயில்' தாயைப் போலத் திரளாகவே நடைபயின்று, சில ஆண்டுகளிலேயே 'ஈமெயில்ஸ்' என்று எண்ணத்தக்கதாகிவிட்டது. 'டேட்டா' லத்தீனில் பன்மை. இன்று கணினித் துறையினர் வாயில் அது தண்ணீரைப் போல ஓடும் திரள். இலக்கணத்தின் அசையா விதி என்று நாம் கருதுவது ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது.

மனத்திலாவது இந்தப் பகுப்பு இருக்கிறதா? டேவிட் பார்னர், ஜெசி ஸ்னெடெக்கர் என்ற உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. ஆங்கிலம் பேசுவோர்க்குப் பெரிய பொருள் ஒன்றையும் சிறிய பொருள்கள் சிலவற்றையும் காட்டி, யாரிடம் அதிகம் இருக்கிறது என்று கேட்டார்கள். பற்பசை போன்றவற்றுக்கு எல்லோரும் பருமனைப் பார்த்தார்கள். காலணி போன்றவற்றுக்கு எண்ணிக்கையைப் பார்த்தார்கள். 'ஃபர்னிச்சர்' போன்ற சொற்கள் வந்தபோது இலக்கணப்படி பற்பசையைப் போலத்தான் பார்த்திருக்க வேண்டும். அவர்களோ காலணியைப் போல எண்ணினார்கள். நான்கு வயதுக் குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். ஆங்கிலேயரும் மனத்துக்குள் நாற்காலிகளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார், வாயால் மட்டும் எண்ணுவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதும் நம் மாணவனின் சிந்தனையில் எந்தக் குழப்பமும் இல்லை. அவன் அறியாதது ஒரு மொழியின் பழக்கம், அவ்வளவே.

*

பொருளிலும் இல்லை, வரலாற்றிலும் நிலைக்கவில்லை, மனத்திலும் முழுதாக இல்லை என்றால் இது வெற்றுச் சடங்குதானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒருவர் தலையில் நரைத்த 'ஹேர்' இருக்கிறது என்றால் தலை முழுதும் நரை. நரைத்த 'ஹேர்ஸ்' என்றால் காதோரத்தில் இரண்டொரு இழை. ஓர் எழுத்து மனிதரின் வயதில் இருபது ஆண்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. 'வொர்க்' என்றால் உழைப்பு, 'வொர்க்ஸ்' என்றால் ஓர் எழுத்தாளரின் படைப்புகள். 'பேப்பர்' என்ற திரள் காகிதம், 'ஒரு பேப்பர்' என்றால் நாளிதழோ ஆய்வுக் கட்டுரையோ. 'ரூம்' திரளாக இருக்கையில் இடம், எண்ணத்தக்கதானால் அறை. சட்டையில் 'எக்' ஒட்டியிருக்கிறது என்றால் முட்டை உடைந்து கூழாகிப் படிந்திருக்கிறது, 'ஒரு எக்' என்றால் ஓடு உடையாத முழுமுட்டை. எந்தப் பொருளையும் அரைத்துத் திரளாக்கிவிடும் இந்த வசதிக்கு மெய்யியலாளர்கள் 'உலகப் பொது அரைவை இயந்திரம்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யோசனை டேவிட் லூயிஸுடையது. அதை 1975இல் தம் கட்டுரை வழியே பரப்பியவர் ஃபிரான்சிஸ் ஜெஃப்ரி பெல்லட்டியர்.

அரைப்பதற்கு எதிர்ச்செயல் பொட்டலம் கட்டுவது. 'காஃபி' திரள், உணவகத்தில் 'டூ காஃபீஸ்' என்றால் இரண்டு கோப்பை. இதைக் கண்டு வியக்க நமக்கு ஒன்றுமில்லை. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர்கூட உண்டு. அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்றால் இறங்குவது பால் உள்ள பாத்திரம். உள்ளிருக்கும் பொருளின் பெயர் கொள்கலனுக்கு ஆகி வருவதைத் தானியாகுபெயர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆங்கில உணவகத்தின் இரண்டு காஃபியும் தானியாகுபெயரின் தம்பிதான். தமிழாசிரியர் ஓர் அறையிலும் ஆங்கில ஆசிரியர் அடுத்த அறையிலும் இதையே கற்பிக்கிறார்கள், நடுவில் ஒரு சுவர் இருப்பதால் இருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

*

அந்தச் சுவரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

தமிழில் அஃறிணைப் பெயர் பன்மை விகுதி ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன என இரண்டும் இலக்கணத்துக்கு உடன்பாடு. இவற்றை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று வகைப்படுத்தியது. 'பத்து மாடு' என்றாலும் 'பத்து மாடுகள்' என்றாலும் நமக்கு ஒன்றே. பெயர் தன் மேனியில் எண்ணைச் சுமக்க வேண்டியதில்லை. ஆகவே ஆங்கிலத்தின் ஒருமை பன்மைக் கெடுபிடி நமக்குப் புதிது. ஆனால் எண்ணுவதற்கும் அளப்பதற்கும் இடையிலான வேறுபாடு புதிதன்று. எத்தனை வாழைப்பழம், எவ்வளவு தண்ணீர் என்கிறோம். எத்தனை தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. 'எத்தனை அழகு' என்பது போன்ற உணர்ச்சி வழக்குகளில் எல்லை சற்றுக் கலங்கும். அன்றாடப் பேச்சில் 'மெனி'க்கும் 'மச்'சுக்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் இருக்கிறது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காகப் பிரித்த மரபினருக்கு எண்ணத்தக்கது எது, அளக்கத்தக்கது எது என்று சொல்லிக்கொடுப்பது கடினமா என்ன?

கடினமானது பால், தண்ணீர் போன்றவை அல்ல. மாணவன் இடறுவது 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' போன்ற தொகுதிச் சொற்களில்தான். இவற்றுக்கு நிகராகத் தமிழில் ஒரு தனிக்குடும்பமே இருக்கிறது. மூட்டைமுடிச்சு, துணிமணி, தட்டுமுட்டு, பாத்திரபண்டம், நகைநட்டு, ஆடுமாடு. இவற்றின் முன் ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள். 'ஒரு மூட்டைமுடிச்சு' என்று யாரேனும் சொல்வதுண்டா? 'மூன்று துணிமணி வாங்கினேன்' என்றால் கேட்பவர் சிரிப்பார். மூட்டையை எண்ணலாம், முடிச்சை எண்ணலாம், மூட்டைமுடிச்சை எண்ணலாகாது. புடவையை எண்ணலாம், துணிமணியை எண்ணலாகாது. எண்ண முடியாத பொருள் என்பது இதற்குக் காரணமன்று. பல பொருள்களை வேறுபாடு பாராமல் ஒரே குவியலாகக் காட்டுவதற்கென்றே பிறந்த சொற்கள் அவை. இழுத்துத் திரிவதைக் குறிக்கும் 'லக்' என்ற வினையிலிருந்து பிறந்த 'லக்கேஜ்' நம் மூட்டைமுடிச்சேதான். "மூன்று லக்கேஜஸ்" என்று எழுதும் மாணவனிடம் அது தவறு என்று சொல்வதைக் காட்டிலும், அது மூன்று மூட்டைமுடிச்சு என்பதைப் போல ஒலிக்கிறது என்று சொன்னால் போதும். பட்டியல் தேவைப்படாது. காது பார்த்துக்கொள்ளும்.

எல்லாச் சொற்களுக்கும் இந்த மருந்து பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தகவல், அறிவுரை, சான்று, கருவி எல்லாம் தமிழில் தாராளமாகக் 'கள்' ஏற்பவை. 'இன்ஃபர்மேஷன்ஸ்' நம் 'தகவல்க'ளின் நிழல். அங்கே இரு மொழிகளும் இருவேறு விதமாகப் பார்க்கின்றன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. இதற்குக் காரணம் உண்டு என்று பொய்க் காரணம் கற்பிப்பதைவிட, இது அவர்கள் வழக்கு, கற்றுக்கொள் என்று சொல்வது மாணவனின் அறிவுக்குச் செய்யும் மரியாதை.

அந்த மரியாதை ஏன் முக்கியம் என்றால், இந்தச் சிறு சகரம் நம் நாட்டில் வெறும் இலக்கணச் சங்கதி அன்று. வேலைக்கான விண்ணப்பத்தில் 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதியவர் எந்தப் பள்ளியில் படித்திருப்பார் என்று படிப்பவர் ஊகித்துவிடுகிறார். ஊகம் சரியாக இருப்பதுதான் கொடுமை. கருவிகளைக் கையாளத் தெரிந்தவர், கருவிகளுக்குப் பன்மை போட்டதால் வெளியே நிற்கிறார். ஆங்கிலேயருக்குள்ளும் இந்த ஏளனம் உண்டு. எண்ணத்தக்கவற்றுக்கு 'ஃப்யூவர்', எண்ணத்தகாதவற்றுக்கு 'லெஸ்' என்ற விதி 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் விருப்பமாகச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரே எண்ணத்தக்கதற்கு 'லெஸ்' என்று எழுதியிருக்கிறார். ஒருவரின் விருப்பம் இரண்டு நூற்றாண்டுகளில் பலரின் சட்டமாகி, பத்துப் பொருள்களுக்குக் குறைவாக வாங்குவோர்க்கான வரிசையில் 'லெஸ்' என்று எழுதியிருந்த அறிவிப்பை 2008இல் டெஸ்கோ நிறுவனம் மாற்றுகிற அளவுக்குப் போயிற்று.

இதற்கு எதிர்முனையில் நின்று, இந்திய ஆங்கிலம் தனி மொழி, எப்படி எழுதினாலும் சரிதான் என்போரும் உண்டு. கொள்கையளவில் அவர்களோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. 'ஈமெயில்ஸ்' நுழைந்த வாசலில் ஒருநாள் 'சாஃப்ட்வேர்ஸ்' நுழையக்கூடும். ஆனால் அந்த நாள் வரும் வரை கதவுக்கு வெளியே நிற்பவர் கொள்கை பேசுபவர் அல்லர், விண்ணப்பம் எழுதிய இளைஞர். விதியைக் கற்பிக்கத்தான் வேண்டும். விதியைத் தெய்வ வாக்காகவும், தவறியவனை மூடனாகவும் கற்பிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் நம் கூச்சம் சற்றுக் குறையும். ஆங்கிலத்தில் மழை பெரும்பாலும் திரள். நம் உழவர் 'இன்னும் இரண்டு மழை பெய்தால் போதும்' என்று மழையை எண்ணுகிறார். அவருக்கு மழை தொடக்கமும் முடிவும் உள்ள நிகழ்ச்சி. கண்ணீரில் நிலைமை தலைகீழ். ஆங்கிலம் கண்ணீரை எண்ணும். ஒரு 'டியர்', பல 'டியர்ஸ்'. தமிழில் கண்ணீர் எண்ணத்தகாதது, துளி என்ற அளவுச்சொல்லின் துணையின்றி எண் அதன் அருகே வராது. தமிழ் கற்க வரும் ஆங்கிலேயர் 'கண்ணீர்கள்' என்று எழுதினால் நாம் சிவப்பு மையால் அடிக்கமாட்டோம். புன்னகைத்து, கண்ணீர் என்றாலே போதும் என்போம். மொழிபெயர்ப்புகளில் அந்தச் சொல் தட்டுப்படும்போது மட்டும் முகம் சுளிக்கிறோம், அதுவும் நியாயமே. அயலாருக்கு நாம் காட்டும் அந்தப் பொறுமையை நம் பிள்ளைகளின் நாற்காலி மேசைகளுக்கும் காட்டலாம்.